நான் சொல்லாமல் விட்ட கரடி

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பத்தியொரு நாள் இருந்தேன். நோயாளி நான் இல்லை. என் கொழுந்தன் சேகரின் மனைவி ராணிதான் நோயாளி. எனக்கு இடது மணிக்கட்டில் சுளுக்கு மட்டும். ஒரு துணிக்கட்டோடு அது போய்விட்டது. கரடி எப்படி அடிக்கும், மூக்கை எப்படித் திரும்பத் தைத்தார்கள், எத்தனை ஊசி போட்டார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் இன்னமும் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்கிறேன். அவர்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுதினால் மறுபடியும் பொய்யாகிவிடும்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன். ராணி எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்துக்கொள்வாள். எனக்கு நாற்பது வயது, அவளுக்கு முப்பத்திரண்டு. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. ஓயாமல் பேசுவாள். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று சேகர் கேலி செய்வான்.

மழை விட்டதும் மலையில் சீத்தாப்பழம் காய்க்கும். ஊர்ப் பெண்கள் கூட்டமாகத்தான் பறிக்கப் போவோம். சத்தமாகப் பேசிக்கொண்டு போனால் கரடி தானாக விலகிவிடும். அதற்குக் கண் மங்கல். மனிதரைத் தேடி வந்து அடிக்கிற மிருகம் அல்ல. திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் ஆபத்து. அதிலும் குட்டி வைத்திருக்கிற தாய்க்கரடி என்றால் யோசிக்கவே யோசிக்காது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் தனியாக வடக்கு ஓடைப் பக்கம் போனேன். முள் அதிகம் என்று மற்றவர்கள் அங்கே போவதில்லை. ஒரு கைகூடப் படாமல் மரங்கள் காய்த்துக் கிடந்தன. ஓடை வளைகிற இடத்தில் ஒரு புற்று. அதை ஒரு கரடி தோண்டிக்கொண்டிருந்தது. மூஞ்சியைப் புற்றுக்குள் விட்டுக் கரையானை உறிஞ்சுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதுகில் ஒரு குட்டி மயிரைப் பிடித்துக்கொண்டு தொற்றியிருந்தது. காற்று என் பக்கம் வீசியதால் என் வாடை அதற்குப் போகவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து வந்து இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். காட்டிலாகா வாட்ச்சர் வந்து யாரும் மேலே போகக் கூடாது என்பார். அத்தனை பழமும் மரத்திலேயே கனிந்து உதிரும். காலைக்குள் அது வேறு பக்கம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசைதான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் பலமுறை பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மூட்டையை ஒருத்தியால் தூக்கிவர முடியாது. ஞாயிறு விடிந்ததும் ராணியைக் கூப்பிட்டேன்.

"சத்தம் போடாம வா. மத்தவளுங்க தெரிஞ்சிக்கினா பின்னாலயே வந்துருவாளுங்க" என்றேன்.

ஓயாமல் பேசுகிறவள் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு வாயைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

ஓடைக்குள் அவள் எனக்கு முன்னால் போனாள். புற்றைத் தாண்டிய புதரில் முதலில் குட்டி கத்தியது. அடுத்த நொடி கறுப்பாக ஒன்று எழுந்து ராணியின் மேல் விழுந்தது. நான் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, ஆனால் ஓடினேன். ஒரு பாறைமேல் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். "அக்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் சரியாக வரவில்லை. எவ்வளவு நேரம் பாறைமேல் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அப்புறம்தான் கல்லை எடுத்து வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு இறங்கினேன். வழுக்கி விழுந்து கை மடங்கியது அப்போதுதான். கரடி அவளை விட்டுவிட்டுக் குட்டியோடு மேலே போயிற்று.

புடவைமேல் போட்டிருந்த என் சட்டையைக் கழற்றி அவள் முகத்தைச் சுற்றிக் கட்டினேன். எழுந்து நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கொல்லை வரைக்கும் நடந்தே வந்தாள். அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், ரத்தத்தில் நனைந்தபடி நான் ராணியைத் தாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தது. அதற்கு முன்னால் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு உடனே திருப்பதிக்கு அனுப்பினார்கள். புத்தூர் தாண்டும்போது அவள் மூச்சு கொரகொரவென்றது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் அவளைப் பக்கவாட்டில் சாய்த்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். திருப்பதி போய்ச் சேரும் வரை அவள் தலை என் மடியில் இருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு லேடி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. "பிரதுகுதுந்தம்மா, பயப்படகண்டி" என்றார். பிழைத்துவிடுவாள், பயப்படாதீர்கள் என்று அர்த்தம். ஆனால் எதெல்லாம் போகும் என்பதை அரை மணி நேரம் கழித்து, சேகர் வந்து சேர்ந்த பிறகு சொன்னார். இடது கண் கிழிந்துவிட்டது. மூக்கின் கீழ்ப்பாதி இல்லை. இடது கன்னம் பிளந்து தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வாய் வழியாக மூச்சு விட முடியாது என்பதால் கழுத்தில் சின்னத் துளை போட்டு அதில் குழாய் வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. குழாய் இருக்கிற வரைக்கும் பேச்சு வராது.

கண்ணை எடுக்கக் கையெழுத்துக் கேட்டபோது சேகர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"வெச்சிருந்தா இன்னா மேடம் ஆவும்? பார்வ வராட்டியும் பரவால்ல, கண்ணு கீதுன்னு இருக்கட்டுமே."

கிழிந்த கண்ணை விட்டுவைத்தால் சில பேருக்கு அது நல்ல கண்ணையும் கெடுத்துவிடும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தான். "நீங்க இல்லன்னா அவ அங்கயே போயிருப்பா அண்ணி" என்றான். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். இழுத்தால் ஏன் என்று கேட்பான். விட்டுவிட்டேன்.

காட்டு மிருகம் கடித்தாலும் வெறிநாய்க்கடிக்கான ஊசி போட வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அது இரண்டு வகை. கையில் போடுகிற தடுப்பூசி உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கக் கற்றுக்கொடுக்கும். அதற்குச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் நோய் ஏறிவிடாமல் இருக்க, தயாராக இருக்கிற எதிர்ப்பு மருந்தைக் காயத்தைச் சுற்றியே குத்திப் போடுவார்கள். முகம் முழுக்கக் காயம் என்றால் முகம் முழுக்க ஊசி. அதோடு, கரடி நகத்தில் மண்ணும் இலையும் இருக்கும். அதைக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். செத்த சதையை வெட்டி எறிய வேண்டும். அதற்கு மட்டும் அவளை மூன்று தடவை தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு தாடையில் தகடு வைத்து மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். மூக்கின் வழியாகப் போன மெல்லிய குழாயில்தான் சாப்பாடு. கஞ்சித் தண்ணீர், பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். பக்கத்துப் படுக்கையில் டிராக்டரிலிருந்து விழுந்த மகளுக்குத் துணையாக ஏர்பேட்டிலிருந்து வந்திருந்த லட்சுமம்மா என்கிற அம்மா எனக்கு அதையெல்லாம் கற்றுக்கொடுத்தார். ஊசிக்குழலை எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும், ஊற்றிய பிறகு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், எத்தனை நேரம் தலையை உயர்த்தி வைக்க வேண்டும். எனக்குக் கட்டுப்போட்ட கை என்பதால் அவரே பாத்திரத்தையும் கழுவி வைப்பார். அவர் தெலுங்கு, நான் தமிழ். ஒரு நாளும் புரியாமல் போனதில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ ஒரு பத்திரிகைக்காரர் வந்து என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் தெலுங்குப் பேப்பரில் வந்தது. லட்சுமம்மா வார்டு முழுக்கக் கேட்கப் படித்தார். கரடியோடு மல்லுக்கட்டி ஓரகத்தியை மீட்ட வீரப் பெண் என்று எழுதியிருந்தது. சிஸ்டர்கள் வந்து கைகுலுக்கினார்கள். ஒருத்தர் ராணியிடம் குனிந்து, "உனக்கு நல்ல அக்கா கிடைச்சிருக்கா" என்றார். ராணி தன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். கை நீட்டி என் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம், லட்சுமம்மா டீ வாங்கப் போயிருந்த நேரம், அவள் காதோரம் குனிந்து சொன்னேன்.

"ராணி, அந்தக் கரடிய நான் மொத நாளே பாத்தேன். அதே எடத்துல. குட்டியோட. தெரிஞ்சிதான் உன்ன இட்டுக்கினு போனேன்."

அவளுக்கு எழுதிக் காட்ட ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தோம். அதை எடுத்தாள். "யார்கிட்ட சொன்ன?" என்று எழுதினாள்.

"யார்கிட்டயும் சொல்லல."

பிறகு ஒரே சொல் எழுதினாள். "போ."

பதில் பேச முடியாதவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. திட்டுவதற்குக்கூட அவளுக்கு வாய் இல்லை. பாரத்தை இறக்கிவைக்க எனக்கு வசதியான நேரத்தைப் பார்த்துக்கொண்டேனே தவிர, அவளுடைய நேரத்தைப் பார்க்கவில்லை. அதிலும் பாதிதான் சொன்னேன். ஓடியதைச் சொல்லவில்லை.

வெளியே வந்து சேகரிடமும் சொன்னேன். வராந்தாவில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்தான். ஒவ்வொரு அடுக்காகத் துடைத்து அடுக்கினான். முகத்தைப் பார்க்காமலேயே, "நீங்க ஊருக்குப் போயிடுங்க அண்ணி" என்றான்.

போக முடியவில்லை. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும். ராணிக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவள் இல்லை. சேகர் சிஸ்டரிடம் கெஞ்சிப் பார்த்தான். "ஆடவாள்ளே உண்டாலி" என்று அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தன்னைக் கரடியிடம் கூட்டிப்போனவளே தன்னைக் கழுவித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊற்ற வேண்டும் என்று ராணிக்கு ஆயிற்று.

ஆறு நாள் அப்படி நடந்தது. நான் கிட்டே போனதும் கண்ணை மூடிக்கொள்வாள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள். கழுத்துக் குழாயில் சளி கட்டினால் சிஸ்டர் வந்து மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பார். அந்த நேரம் அவள் உடம்பே துள்ளும். முன்னெல்லாம் என் கையைத்தான் இறுக்கிப் பிடிப்பாள். இப்போது கட்டில் கம்பியைப் பிடித்தாள். லட்சுமம்மா பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். சொன்னேன். அவர் தன் மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் சாயங்காலம் வழக்கம்போல எனக்கு ஒரு டம்ளர் மோர் வைத்தார்.

கழுத்துக் குழாயை எடுத்த பிறகு மூக்குக்கு ஆபரேஷன் செய்தார்கள். நெற்றித் தோலில் ஒரு பட்டையை முழுவதும் வெட்டாமல், புருவத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுத் திருப்பி, மூக்கு இருந்த இடத்தில் தைத்தார்கள். ஒட்டியிருக்கிற அந்தப் பக்கத்திலிருந்துதான் அதற்கு ரத்தம் வரும். மூன்று வாரத்தில் புது இடத்தில் அது உயிர் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நடுவில் இருக்கிற பாலத்தை வெட்டிவிடலாம். அதுவரை இரண்டு புருவத்துக்கும் நடுவிலிருந்து சதைச் சுருள் ஒன்று மூக்குக்குத் தொங்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவை டாக்டர் அதைத் தொட்டுப் பார்ப்பார். கறுத்தால் போயிற்று, சிவந்திருந்தால் பிழைத்தது. நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சிவந்தே இருந்தது.

பல் கட்டியபடியே ராணி பேசத் தொடங்கினாள். பல்லுக்கு நடுவிலிருந்து காற்றாக வரும் பேச்சு. சேகரிடமும் சிஸ்டரிடமும் பேசினாள். என்னிடம் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சேகர் மறுநாள் மகளைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் புறப்பட்டான். ஒன்பது வயதுப் பெண். ஒரு மாதமாக அம்மாவைப் பார்க்கவில்லை. அவன் போனதும் ராணி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா."

ஓடைக்குப் பிறகு அந்தச் சொல்லை அப்போதுதான் கேட்கிறேன்.

"இங்க யாரும் கண்ணாடி தர மாட்றாங்க. என் போனயும் அவரு எடுத்துக்கினாரு. எல்லாரும் நல்லா கீது நல்லா கீதுன்றாங்க. நாளைக்கு பாப்பா வருவா. அவ பாத்து கத்துறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். நீ சொல்லு. ஒன்ன மறைச்சது போதும், இதயும் மறைக்காத."

நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதமாக அவள் முகத்தை நான் துடைத்திருக்கிறேன், நேராகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன்.

"இடது கண்ணு இல்ல. இமைய தெச்சி மூடிக்கீறாங்க, குழியா கீது. கன்னத்துல காதுலருந்து வாய் வரிக்கும் தையல். வாய் அந்தப் பக்கம் மேல ஏறிக்கினு கீது. மூக்கு பெருசா, உருண்டையா கீது. நெத்திலருந்து ஒரு சதை தொங்குது, அத அப்பால வெட்டிருவாங்க. நெத்தில தோலு எடுத்த எடம் செவப்பா கீது. வலது பக்கம் அப்டியே நீதான். வலது பக்கம் ஒன்னும் ஆவல."

அவள் வார்டு வாசலைப் பார்த்தாள்.

"பாப்பா பயப்படுவாளா?"

"பயப்படுவா. மொதல்ல பயப்படுவா."

ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கப் போனேன். கையைத் தடுத்து, தானே துடைத்துக்கொண்டாள். பிறகு என் போனை வாங்கி, கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நான் சொன்ன வரிசையிலேயே கண், கன்னம், வாய், மூக்கு என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இனி எனக்கும் வழி இல்லை. "இன்னொன்னு கீது ராணி" என்றேன். "அது உன் மேல வுழுந்தப்போ நான் ஓடிட்டேன். பாற மேல ஏறி நின்னுக்கினேன். அப்பால தான் வந்தேன்."

"தெரியும். நீ ஓடுன சத்தம் கேட்டுச்சி. திரும்பி வந்த சத்தமும் கேட்டுச்சி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நடுவுல ரொம்ப நேரம் ஆச்சிக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு, சதைச் சுருள் நசுங்காதபடி தலையணையைச் சரியாக வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

மறுநாள் பாப்பாவை வார்டு வாசலிலேயே நிறுத்தி, ராணியிடம் சொன்ன அதே வரிசையில் அவளிடமும் சொன்னேன். உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தவள் கத்தவில்லை. என் பின்னால் ஒளிந்து நின்றாள். ராணி முகத்தின் வலது பக்கம் அவளுக்குத் தெரியும்படி திரும்பி, "நைனாகூட பஸ்ல வந்தியா? இன்னாடி துன்ன வழியில?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தாலும் கேள்வி அவளுடைய கேள்விதான். குழந்தை மெல்ல வந்து கட்டிலின் அந்தப் பக்க ஓரத்தில் உட்கார்ந்து, இட்லி என்றது.

நெற்றிப் பாலத்தை வெட்டிய நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வந்த வாரமே, தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை பார்த்ததை, மறைத்ததை, வாயைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னதை, ஓடியதை. சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வாட்ச்சரைக் கூட்டிப்போய்ப் புற்று இருக்கிற இடத்தைக் காட்டினேன். இப்போது யார் கரடியின் கால்தடத்தைக் கண்டாலும் அன்றைக்கே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். சேகர் என்னை அண்ணி என்று கூப்பிடுகிறான். ஆனால் தேவை இருந்தால்தான்.

போன மாதம் கண் குழிக்குச் செயற்கைக் கண் அளவெடுக்கத் திருப்பதிக்குப் போனோம். சேகருக்கு வேலை இருந்தது. "அக்கா வரட்டும்" என்று ராணிதான் சொன்னாள். பஸ்ஸில் புத்தூரில் ஏறிய ஒரு பெண் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்க்காதது போல இருந்துவிட்டு, "ஏமைந்தம்மா?" என்று என்ன ஆயிற்றெனக் கேட்டாள்.

"எலுகுபண்டி" என்றாள் ராணி. தெலுங்கில் கரடி.

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். என்னைக் காட்டி, இவர்தான் காப்பாற்றினாரா என்று கேட்டாள். பேப்பரில் படித்த ஞாபகம் என்றாள்.

ராணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னாள்.

"இவங்க கூட இருந்தாங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். ராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பிடித்துக்கொண்டேன்.